கங்கை எந்த நீரில் இருக்கிறது?

கங்கோத்ரி பனியாறு உத்தராகண்டின் சௌகம்பா சிகரங்களின் சரிவில் தொடங்கி, வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் இறங்கி, கோமுக் என்னும் பனிக்குகையில் முடிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் குகையிலிருந்து பாகீரதி புறப்படுகிறது. தேவப்பிரயாகையில் அலக்நந்தாவோடு கூடிய பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர். மலையிலும் சமவெளியிலுமாக 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அது வங்காள விரிகுடாவில் கலக்கிறது.

அந்த ஆற்றின் நீர் மும்பையின் குழாய்களுக்கு வருவதில்லை. ஆனாலும் தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய பின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் விசாரிப்பது “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்றுதான். அன்று விடியலில் எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாக நம்பிக்கை.

இந்த வழக்கம் ஒரு சமயக் கேள்வியை எழுப்புகிறது. ஓர் ஆறு புனிதமானது என்றால் அந்தப் புனிதம் எதைப் பற்றி நிற்கிறது? நீரையா, நீர் ஓடும் இடத்தையா, அதை நினைத்து அழைக்கும் மனத்தையா? மூன்று விடைகளுக்கும் மரபில் ஆதாரம் இருக்கிறது. ஆற்றின் புவியியலை முதலில் அறிந்துகொண்டால் ஒவ்வொரு விடையும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெளிவாகும்.

மலையில் ஆறு உருவாகும் விதம்

ஆண்டுக்கணக்காக விழும் பனி தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல நகரத் தொடங்கும்போது பனியாறு உருவாகிறது. நகரும் கட்டி அடியிலுள்ள பாறையை அரைக்கிறது. அதனால் கோமுக்கில் வெளிப்படும் நீர் தெளிந்திருக்காது. அரைபட்ட பாறைப்பொடி கலந்து சாம்பல் வெண்மையாக இருக்கும். கோடையில் விடியற்காலையில் ஓட்டம் குறைந்தும், பகல் வெயிலில் பனி உருகிய பின் மாலையில் பெருகியும் காணப்படும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உச்சமும் குளிர்காலத்தில் மெலிவும் உண்டு.

பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கின் தரை அகலமாகவும் சுவர்கள் செங்குத்தாகவும் இருக்கும். கங்கோத்ரிக்குக் கீழே ஹர்சில் பகுதியில் அந்த வடிவத்தைக் காணலாம். பனியாறு ஒரு காலத்தில் கங்கோத்ரியையும் கடந்து கீழே நீண்டிருந்தது என்பதற்கு அந்த வடிவமும், அது விட்டுச்சென்ற பாறைக் குவியல்களும் சாட்சி. பனியாறு எட்டாத இடங்களில் நீரே மலையை அறுத்து ஆழமான குறுகிய பள்ளங்களை உண்டாக்கியிருக்கிறது. கோமுக்கின் இடமும் நிலையானதில்லை. 1935-க்குப் பிறகு பனியாற்றின் முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது.

மற்றொரு கிளையான அலக்நந்தா சதோபந்த், பாகீரத கரக் பனியாறுகளில் பிறந்து பத்ரிநாத் வழியே வருகிறது. வழியில் விஷ்ணுபிரயாகையில் தௌலிகங்கையும், நந்தப்பிரயாகையில் நந்தாகினியும், கர்ணப்பிரயாகையில் பிண்டாரும், ருத்ரப்பிரயாகையில் மந்தாகினியும் அதில் சேர்கின்றன. ஐந்தாவது கூடல் தேவப்பிரயாகை. இந்தப் பாதை தமிழ் வைணவத்துக்கு அந்நியமானதன்று. பத்ரிநாத் ஆழ்வார்கள் பாடிய திருவதரி. தேவப்பிரயாகை பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர். ஜோஷிமடத்தைத் திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதியாக மரபு கொள்கிறது.

தேவப்பிரயாகையில் கூடும் இரண்டு ஆறுகளில் அதிக நீர் கொண்டுவருவது அலக்நந்தா. நீரளவையே கணக்கில் கொண்டால் கங்கையின் மூலம் பத்ரிநாத்துக்கு மேலே இருக்க வேண்டும். மரபோ, பகீரதன் தவத்தால் இறங்கிய கங்கை என்று பாகீரதியையே மூலமாகக் கொண்டது. ஆற்றுக்கு எது பிறப்பிடம் என்பதை முடிவு செய்ததில் நீரைவிடக் கதைக்கே அதிகப் பங்கு.

ஹரித்வாருக்குக் கீழே நிலைமை இன்னும் மாறுகிறது. யமுனை, காக்ரா, கண்டக், கோசி, சோன் ஆகிய ஆறுகளும், பருவமழையும், நிலத்தடி ஊற்றுகளும் சேர்ந்து உருவாக்கும் ஆறு அது. படுகை முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆண்டு நீரோட்டத்தில் பனி உருகிய நீரின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கோடையில் ஆறு வற்றாமல் இருக்க அந்தப் பங்கு இன்றியமையாதது. எனினும் காசியில் மூழ்குபவரின் தலைமேல் புரளும் நீரில் பெரும்பகுதி கோமுக்கைக் கண்டதில்லை.

புனிதம் நீரிலா?

முதல் விடை, புனிதம் நீரிலேயே இருக்கிறது என்பது. காசிக்குப் போனவர்கள் செம்புச் சொம்பில் அடைத்து முத்திரையிட்ட கங்கை நீரைக் கொண்டுவந்து, உயிர் பிரியும் நேரத்தில் வாயில் ஊற்றுவதற்காகப் பூஜையறையில் பத்திரப்படுத்துவது இந்த நம்பிக்கையில்தான். காசி யாத்திரையின் முழுமையான முறையில் இராமேசுவரத்து மணல் பிரயாகைக்குப் போகிறது. கங்கை நீர் இராமநாதருக்கு அபிஷேகமாக வருகிறது. முதலாம் இராசேந்திர சோழனின் படை வடக்கே சென்று கங்கை நீரைக் கொண்டுவந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியை, நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குறிக்கின்றன. 2016 முதல் கங்கோத்ரி, ரிஷிகேஷ் நீரை அஞ்சல் துறையே புட்டிகளில் விற்கிறது.

இந்த விடைக்கு அறிவியலின் துணையையும் சிலர் தேடுவதுண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் அழிவதை 1896-ல் பதிவு செய்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் விளக்கப்பட்டது. ஆனால் அத்தகைய வைரஸ்கள் உலகின் பல நீர்நிலைகளில் இருக்கின்றன. கிருமியைக் கொல்வது மருந்தின் குணம். பாவத்தைப் போக்குவது பற்றி அது எதையும் நிறுவாது. புனிதத்தை நீரின் வேதியியலில் வைத்தால், கழிவுநீர் கலந்து அந்த வேதியியல் மாறும் நாளில் புனிதமும் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பக்தர்கள் அப்படி ஒப்புவதில்லை. ஆகவே அவர்களுடைய நம்பிக்கையே நீரின் இயல்பைத் தாண்டிய ஒன்றில் ஊன்றியிருக்கிறது.

புனிதம் இடத்திலா?

இரண்டாவது விடை, புனிதம் தலத்துக்கு உரியது என்பது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே போற்றுவது தமிழ் மரபு. நீர் கடந்து போகும், துறை நிற்கும். எனவே கோமுக், ஹரித்வார், பிரயாகை, காசி என்ற இடங்களே புனிதமானவை என்பது இந்த வாதம்.

இடமும் பனியைப் போலவே நகர்கிறது என்பதை மலை காட்டுகிறது. இன்றைய கோமுக், 1935-ன் கோமுக் இருந்த இடத்தில் இல்லை. ஹரித்வாரில் ஹர் கி பைடித் துறைக்கு வரும் நீரை மனிதர் கட்டிய தடுப்பணையே திருப்பிவிடுகிறது. 1854-ல் திறக்கப்பட்ட மேல் கங்கைக் கால்வாயின் பணிகள் பின்னர் விரிவாக்கப்பட்டபோது, துறைக்கு வரும் நீர் தடைபடும் என்று மதன் மோகன் மாளவியா தலைமையில் எதிர்ப்பு எழுந்தது. தடையற்ற நீரோட்டத்துக்கு உறுதியளிக்கும் உடன்பாடு 1916-ல் ஏற்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, 2016-ல், உத்தராகண்ட் அரசு அதே நீரோட்டத்தைக் கால்வாய் என வகைப்படுத்தி ஆணையிட்டது. எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அங்கே நீராடியவர்கள் கங்கையில் நீராடியதாகவே கொண்டார்கள். இடத்தின் புனிதமும், அது கங்கை என்ற ஏற்பையே சார்ந்திருக்கிறது.

புனிதம் அழைப்பிலா?

மூன்றாவது விடை, எங்கிருந்தாலும் மனமார அழைத்தால் கங்கை அந்த நீரில் வருகிறாள் என்பது. கலசத்தில் நீர் நிரப்பி ஏழு ஆறுகளின் பெயரைச் சொல்லி ஆவாகனம் செய்வது எல்லாப் பூஜைகளிலும் உள்ள முறை. ஐப்பசியில் கங்கை காவிரிக்கு வருகிறாள் என்ற நம்பிக்கையில் மயிலாடுதுறையில் துலா நீராட்டு நடக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பகோணத்து மகாமகக் குளத்தில் எல்லாப் புண்ணிய நதிகளும் சேர்வதாக மரபு. தீபாவளி வெந்நீரும் இந்த வரிசையில் வருவதே.

இந்த விடைக்கு ஓர் எல்லையையும் தமிழ் மரபே வகுத்திருக்கிறது. இறைவன் எங்கும் உளன் என்று உணராதவருக்குக் கங்கையில் ஆடினாலும் காவிரியில் ஆடினாலும் பயனில்லை என்பது அப்பரின் திருக்குறுந்தொகைப் பதிகம் ஒன்றின் கருத்து. புறத்தூய்மைக்கு நீர் போதும், அகத்தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த பிரிவு. பெயரைச் சொல்லி அழைத்தால் மட்டும் போதாது. அழைப்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் கணக்கில் வருகிறது.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருவிசநல்லூரில் வழங்கும் ஸ்ரீதர ஐயாவாளின் வரலாறு இதை மிகக் கூர்மையாகச் சொல்கிறது. அவர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். தம் தந்தையின் திதிக்குச் சமைத்த உணவை, பசியோடு வந்து நின்ற தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு அவர் கொடுத்தார். தோஷம் தீரக் கங்கையில் நீராட வேண்டும் என்று ஊர் அந்தணர்கள் விதித்தார்கள். அவர் வேண்டிக்கொள்ள, வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கி வந்ததாக ஐதிகம். இன்றும் கார்த்திகை அமாவாசையன்று அந்தக் கிணற்று நீரில் நீராட ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். இந்தக் கதையில் கங்கை யார் பக்கம் நின்றாள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பசித்தவருக்குச் சோறிட்டதைக் குற்றம் என்றவர்களின் தீர்ப்பை அவள் கழுவிப் போட்டாள்.

ஒரே சூரியன்

ஆதிசங்கரருடையதாக வழங்கும் மனீஷா பஞ்சகம் இதே கேள்வியைத் தத்துவத்தின் தளத்துக்குக் கொண்டுபோகிறது. காசியில் எதிரே வந்த சண்டாளரை விலகிப் போகச் சொன்னார் சங்கரர். அந்த மனிதர் திருப்பிக் கேட்டார்: கங்கை நீரில் தெரியும் சூரியனுக்கும், சண்டாளர் தெருவின் நீரில் தெரியும் சூரியனுக்கும் என்ன வேறுபாடு? கேட்டவர் சிவனே என்பது மரபு. பிரம்ம ஞானம் வாய்த்தவர் எவராயினும் அவரே தமக்குக் குரு என்று சங்கரர் தலைவணங்கினார்.

அத்வைதத்தின்படி பிம்பத்துக்கு மூலமான சூரியன் ஒன்றே. நீரின் வேறுபாடு அதைத் தீண்டாது. இதை ஏற்றால், கங்கையின் புனிதம் மற்ற நீர்களை இழிந்ததாக்க முடியாது. ஒரு நீரைப் புனிதம் என்று சொல்லி இன்னொரு நீரையோ, அதன் கரையில் வாழும் மனிதரையோ தீட்டு என்று ஒதுக்கும் வழக்கத்துக்குத் தத்துவத்தில் இடமில்லை.

சமூகம் அந்த உண்மையைத் தானாக ஏற்கவில்லை. மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் சவுதார் குளம் பொதுக் குளமாக இருந்தும், தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் அதில் நீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் பல்லாயிரம் பேருடன் சென்று அந்த நீரைக் குடித்தார். பின்னர் சாதி இந்துக்கள் பசுவின் சாணம், கோமூத்திரம், பால், தயிர் ஆகியவற்றைக் கொண்டு குளத்துக்குச் சுத்தி செய்தார்கள். அந்தக் குளம் பற்றிய வழக்கில் 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக வந்தது. கங்கையை எந்த நீரிலும் அழைக்கலாம் என்ற அதே மரபுக்குள், மனிதர் தொட்டால் குளம் கெடும் என்ற எண்ணமும் வாழ்ந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

தாய்க்குச் செய்ய வேண்டியது

கோயில் மூர்த்தி சட்டத்தின் முன் ஒரு நபர் என்பதை இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளன. அந்த வழியில் 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும், அடுத்துக் கங்கோத்ரி, யமுனோத்ரி பனியாறுகளையும் சட்ட உரிமைகள் உடைய நபர்களாக அறிவித்தது. அதே மாதம் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனூயி ஆற்றுக்கு அத்தகைய தகுதியைச் சட்டமாக்கியது. கங்கை, யமுனை பற்றிய தீர்ப்பைச் சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டாலும் அறத்தின் கேள்வி நிற்கவில்லை. “கங்கை எல்லாவற்றையும் தூய்மையாக்குவாள், அவளை எதுவும் அழுக்காக்க முடியாது” என்ற நம்பிக்கை, சாக்கடையைத் திறந்துவிடுவதற்குச் சாக்காகப் பயன்பட்டிருக்கிறது. தாய் பொறுத்துக்கொள்வாள் என்பதற்காக அவள்மீது எதையும் ஏற்றலாம் என்ற நியாயம் இது. இதற்கு எதிராக நின்றவர்களில் கான்பூர் ஐஐடி பேராசிரியராக இருந்து துறவியான ஜி. டி. அகர்வால் முதன்மையானவர். பாகீரதியின் மேற்பகுதியில் திட்டமிட்ட லோஹாரிநாக் பாலா மின்திட்டம் 2010-ல் கைவிடப்பட்டதில் அவருடைய உண்ணாநோன்புக்குப் பெரும் பங்குண்டு. ஆறு தடையின்றி ஓட வேண்டும் என்று மீண்டும் நோன்பிருந்து 2018 அக்டோபரில் அவர் உயிர் நீத்தார். சுற்றுச்சூழல் பொறியியலும் பக்தியும் ஒரே மனிதரிடம் ஒரே கோரிக்கையாகச் சேர்ந்தன.

மலை நொறுங்கும் தன்மை உடையது என்பதால் இந்தக் கடமை இன்னும் கூடுகிறது. 2013 ஜூனில் பெருமழையில் சோராபாரி ஏரி உடைந்து கேதார்நாத்தை வெள்ளம் மூழ்கடித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் சரிந்து, ரிஷிகங்கை, தௌலிகங்கைப் பள்ளத்தாக்குகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். இவற்றைத் தெய்வத்தின் சினம் என்று படிப்பது இறந்த யாத்திரிகர்களையும் கூலித் தொழிலாளர்களையும் குற்றவாளிகளாக்கும். ஆற்றின் இயல்பை அறிந்து அதன் வழியில் கட்டாமல் இருப்பதே பக்திக்கும் அறிவுக்கும் பொருந்தும்.

மும்பையின் நீர்

கங்கையை அழைக்கும் மும்பை வீடுகளின் குழாய்களில் வருவது வைதர்ணா, பாத்சா, தான்சா நீர்த்தேக்கங்களின் நீர். இவை பனியைக் காணாத, மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழை ஆறுகள். வைதர்ணா நாசிக் அருகே திரியம்பக மலைப் பகுதியில் பிறந்து மேற்கே ஓடுகிறது. அதே மலைப் பகுதியில் பிறந்து கிழக்கே ஓடும் கோதாவரியைத் தட்சிண கங்கை என்பர். புராணங்களில் இறந்தோர் கடக்க வேண்டிய ஆற்றுக்கும் வைதரணி என்றே பெயர். அதைக் கடக்கத் துணையாகப் பசுவைத் தானம் செய்வது தமிழ்க் குடும்பங்களின் இறுதிச் சடங்குகளிலும் உள்ளது.

வாள்கேஷ்வரில், கடலுக்கு வெகு அருகில் நன்னீர் ஊற்றாக இருக்கும் பாண்கங்கைக் குளம், சீதையைத் தேடிவந்த இராமனின் தாகத்துக்காக இலக்குவன் அம்பெய்து வரவழைத்த கங்கை என்பது ஐதிகம். கங்கை எங்கும் வருவாள் என்ற நம்பிக்கையை மும்பை தன் சொந்த நிலத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

அதே நகரத்தின் மித்தி ஆற்றுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, குர்லா வழியாகத் தாராவியை ஒட்டி ஓடி, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 18 கிலோமீட்டர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழர்களின் தலைமுறைகள் இதன் பக்கத்தில்தான் வளர்ந்தன. ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் சேர்ந்து அது சாக்கடையானது, கரைகள் நெருக்கப்பட்டன, விமான நிலையத்துக்காகப் போக்கு திருப்பப்பட்டது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மித்திக்குப் போக வழியில்லாமல் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றைச் சீர்ப்படுத்தத் தனி ஆணையம் அதன் பிறகே அமைந்தது. தாராவிக்கு எதிரே குப்பை மேடாக இருந்த நிலம் இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மரங்களோடு நிற்பது, இழந்ததை மீட்க முடியும் என்பதற்குச் சான்று.

மூன்று விடைகளில் கடைசி விடையே புவியியலின் சோதனையில் நிற்கிறது. கங்கை எப்போதும் ஒரே நீராகவோ ஒரே இடமாகவோ இருந்ததில்லை; பனியும் மழையும் ஊற்றும் சேர்ந்த ஓட்டத்தை மனிதர் நன்றியோடு ஒரு பெயரால் அழைத்ததில்தான் அவள் இருக்கிறாள். அப்படி அழைக்கும் உரிமை எந்த நீருக்கும் நீளும் என்றால், அழைப்போடு வரும் கடமையும் எந்த நீருக்கும் நீள வேண்டும். கோமுக்கில் பனி குறைவதற்கு வருந்துபவர் மித்தியில் கழிவு கலப்பதற்கும் வருந்தியாக வேண்டும். தாராவிக் குடியிருப்புகளுக்கு நல்ல குடிநீரும் முறையான கழிவுநீர் வடிகாலும் கிடைக்கச் செய்வது நகராட்சி வேலை மட்டுமாக முடிந்துவிடாது. கங்கையை நம்புகிறவர் எவருக்கும் அது வழிபாட்டின் பகுதி.